எரிகல்லும் எங்கள் வீட்டுத் தண்ணீரும்

எரிகல் விழுந்ததைப் பார்த்தீர்களா என்று சிதம்பரம் வட்டாரத்தில் யாரைக் கேட்டாலும் பார்த்தேன் என்றுதான் சொல்வார்கள். கீரப்பாளையம் டீக்கடையில் கேட்டால், அது தன் வயலிலேயே விழுந்தது என்று சொல்லவும் ஆள் உண்டு. விடுங்கள். அவர்களில் முக்கால்வாசிப் பேர் பார்த்தது வெளிச்சத்தை மட்டும்தான். என்னடா இது என்று அண்ணாந்து பார்ப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நான் பார்த்தது எரிகல்லை. கிழக்கே முளைத்ததிலிருந்து மேற்கே உடைந்து அணைந்ததுவரை முழுசாகப் பார்த்தேன். அன்றைக்கு என்னைத் தலையைக் குனிந்துகொண்டு நிற்கச் சொல்லியிருந்தார்கள். நான் குனியவில்லை. அதனால் எனக்குக் கிடைத்தது.

குனிந்து நிற்கச் சொன்னதற்குக் காரணம், அன்றைக்கு என்னைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். அதுவும் இரண்டாம் தடவையாக.

எனக்குச் சிதம்பரத்தில் ஒரு ரத்தப் பரிசோதனை லேபில் வேலை. காலையில் வெறும் வயிற்றோடு வந்து உட்காருகிறவர்களுக்கு ஊசி குத்தி ரத்தம் எடுப்பேன். நரம்பு கிடைக்கவில்லை என்று இன்னொரு தடவை குத்துகிற பேச்சே என்னிடம் கிடையாது. எத்தனை பெரிய மீசைக்காரராக இருந்தாலும் ஊசியைப் பார்த்ததும் முகம் மாறும். அந்த மாற்றத்தை மறைக்க அவர்கள் படுகிற பாடு இருக்கிறதே! ஒருத்தர் அரசியல் பேசுவார், ஒருத்தர் மிரட்டுவார். பயமாக இருக்கிறது என்று மட்டும் யாரும் சொல்லமாட்டார்கள்.

என்னைப் பார்க்க வந்த மாப்பிள்ளை சொன்னார். முதல் தடவை பெண் பார்த்துவிட்டுப் போன மறுநாள் போனில் சொன்னார். "நான் கடலூர் சிப்காட்ல ஒரு கெமிக்கல் கம்பெனியில மெயின்டனன்ஸ்ல இருக்கேங்க. எவ்ளோ உசரத்துலயும் பைப் மேல ஏறி நடந்துடுவேன். ஆனா ஊசின்னா எனக்கு மயக்கம் வந்துடும். ஒருதரம் நர்ஸம்மா மேலயே சாஞ்சிட்டேன். நீங்க ஊசி போடுற வேலையில இருக்கீங்க, முன்னாடியே சொல்லிடறது நல்லதுன்னுதான் போன் பண்ணேன்."

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அதற்கு முன்னால் என்னைப் பார்க்க வந்தவர்கள் எல்லாம் தங்கள் பைக்கைப் பற்றிப் பேசினார்கள், கட்டப்போகிற வீட்டைப் பற்றிப் பேசினார்கள். இவர் ஒருத்தர்தான் தன் பயத்தைப் பற்றிப் பேசினார். கட்டினால் இந்த ஆளைத்தான் கட்டுவது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன். எனக்கு இந்த மாதிரி முடிவுகளுக்கு ரொம்ப நேரம் பிடிக்காது.

நான் முடிவு செய்து என்ன? அங்கே முடிவு செய்ய வேண்டியவர் அவருடைய தாய்மாமா. மாப்பிள்ளை சின்னப் பையனாக இருக்கும்போதே அவர் அப்பா தவறிவிட்டார். தங்கையையும் தங்கை பிள்ளையையும் தன் வீட்டோடு வைத்துக் காப்பாற்றி ஆளாக்கியவர் அந்த மாமாதான். நல்ல மனுஷர், நான் குறை சொல்லமாட்டேன். ஆனால் சகுனம் பார்ப்பதில் மட்டும் ஆள் படுமோசம். முதல் தடவை வந்தபோது எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது. கிளம்புகிற நேரத்தில் எங்கள் வீட்டுப் பல்லி ஒரு சத்தம் போட்டது. அவ்வளவுதான். "தெக்கு மூலையில பல்லி சொல்லிடுச்சு. யோசிச்சு சொல்றோம்" என்று செருப்பை மாட்டிக்கொண்டார். அந்தப் பல்லி எங்கள் வீட்டிலேயே பிறந்து வளர்ந்தது. நாளெல்லாம் தெற்கு மூலையில்தான் கத்தும். அதற்கு வேறு மூலை தெரியாது. இதை அவரிடம் யார் சொல்வது?

யோசித்தார், யோசித்தார், தை பிறந்து அறுவடையும் முடிகிறவரை யோசித்தார். கடைசியில் அவர் தங்கை, அதாவது மாப்பிள்ளையின் அம்மா, பிடித்த பிடிவாதத்தில்தான் இன்னொரு தடவை வந்து பார்ப்பது என்று ஆனது.

இங்கே ஒரு வழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். எங்கள் பக்கத்தில் பெண் பார்க்க வருகிறவர்கள், சம்பந்தம் முடிவாகும்வரை பெண் வீட்டில் சாப்பிடமாட்டார்கள். சாப்பிட்டார்கள் என்றால் பேச்சு முடிந்தது, பெண் அவர்களுக்குத்தான். அதற்கு எங்கள் வாயில் இருக்கிற சொல் 'கை நனைப்பது'. மாப்பிள்ளை வீட்டார் வந்துபோனால் தெருவில் யாரும் 'பெண் பிடித்ததா' என்று கேட்கமாட்டார்கள். "கை நனைச்சாங்களா?" என்றுதான் கேட்பார்கள். முதல் தடவை அவர்கள் நனைக்காமல் போனது தெருவுக்கே தெரியும். அன்றைக்குக் காலையில் அப்பா என்னைக் கூப்பிட்டு உட்காரவைத்து, "இன்னைக்கும் கை நனைக்காம போனாங்கன்னா இதோட விட்டுடலாம்மா. என்னால மூணாவது வாட்டி வாசல்ல நின்னு கும்பிட முடியாது" என்றார். உரக்கடையில் நாள் முழுக்க நின்று வியாபாரம் செய்கிறவர், யாருக்கும் வளைந்து பழக்கமில்லாதவர். அவர் சொன்னதில் தப்பே இல்லை. ஆனால் எனக்கு அந்த ஆள் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொண்டு முழித்தேன்.

நல்ல நேரம் பார்த்து இருட்டுகிற பொழுதில் வேன் வந்தது. ஆறேழு பேர் இறங்கினார்கள். தட்டு இறங்கவில்லை. பூவும் பழமும் வைத்த தட்டை வேனிலேயே வைத்துவிட்டு வந்திருந்தார்கள். அதாவது முடிவானால் எடுப்போம் என்று அர்த்தம். அதுகூடப் பரவாயில்லை. மாமா கையோடு ஒரு தண்ணீர் பாட்டில் கொண்டுவந்திருந்தார். வேனுக்குள் பார்த்தால் ஒரு தண்ணீர் கேன் நின்றுகொண்டிருந்தது. அம்மா சொம்பில் தண்ணீர் நீட்டியதும், "தப்பா நெனைக்காதம்மா, முடிவாவுற வரைக்கும் பொண்ணு வூட்டுல பச்சத்தண்ணிகூட தொடமாட்டோம். அதான் வரும்போதே எடுத்தாந்துட்டோம்" என்றார். உள்ளே வடை, பாயசம், உருளைக்கிழங்கு வறுவல் என்று ஒரு கல்யாணச் சமையலே தயாராக இருந்தது. இலைகூட நறுக்கிவைத்தாயிற்று. சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ, வாசல் ஓரத்தில் நீல டிரம் நிறைய அப்பா தண்ணீர் பிடித்துவைத்திருந்தார். அம்மா சொம்போடு உள்ளே போனதைப் பார்த்தபோது எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை.

காற்றாட இருக்கட்டும் என்று வாசலிலேயே நாற்காலி போட்டிருந்தது. எதிரே அறுத்துப்போட்ட சம்பா வயல். என்னைக் கதவோரம் நிற்கவைத்தார்கள். மாமா என் வேலையைப் பற்றிக் கேட்டார். சொன்னேன். என்ன நட்சத்திரம் என்று திரும்பவும் கேட்டார். அதையும் திரும்பச் சொன்னேன். பிறகு பெரியவர்கள் அவர்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். நான் தலையைக் குனியாமல், வேப்பமரத்துக்கு மேலே கிழக்கு வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

பரங்கிப்பேட்டைப் பக்கத்தில் ஒரு வெள்ளைப் புள்ளி முளைத்தது. விமானம் என்று நினைத்தேன். நினைத்து முடிப்பதற்குள் பெரிதாகிவிட்டது. வெல்டிங் வைக்கும்போது தெறிக்குமே, அந்த மாதிரி பச்சையும் வெள்ளையும் கலந்த வெளிச்சம். நாற்காலிகளின் நிழல்கள் தரையில் ஓட ஆரம்பித்தன. வாசலில் எரிந்துகொண்டிருந்த ட்யூப்லைட் எரிகிறதா இல்லையா என்றே தெரியவில்லை. எதிரே வயலில் அறுத்த தாள் ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. தலைக்கு மேலே போகும்போது முன்பக்கம் பச்சையாகவும் வால் நெருப்பு நிறமாகவும் இருந்ததைப் பிரித்துப் பார்க்க முடிந்தது. மேற்கே சரிந்தது, மூன்று துண்டாக உடைந்தது, ஒன்றன்பின் ஒன்றாக அணைந்தது. போன வழியில் ஒரு புகைக்கோடு மட்டும் மிச்சம். இத்தனைக்கும் ஒரு சின்னச் சத்தம்கூட இல்லை.

"அடேங்கப்பா!" என்று கத்திவிட்டேன். பெண் பார்க்கிற இடத்தில் பெண் அப்படிக் கத்தக் கூடாதுதான். ஆனால் அப்படி ஒன்றைப் பார்த்துவிட்டுக் கத்தாமல் இருந்தால் நான் மனுஷியே இல்லை. உடம்பெல்லாம் சிலிர்த்துப் போயிற்று. சந்தோஷமாக இருந்தது, என்னவோ எனக்கென்றே யாரோ கொளுத்திவிட்டதுபோல.

அதற்குள் அம்மா உள்ளேயிருந்து ஓடிவந்து, "பச்சையப் பாருங்க! எல்லாரும் பச்சையப் பாருங்க!" என்று பதறினாள். நட்சத்திரம் விழுவதைப் பார்த்துவிட்டால் உடனே ஒரு பச்சை மரத்தைப் பார்த்துவிட வேண்டும், தோஷம் போய்விடும் என்று எங்களிடம் ஒரு நம்பிக்கை. வந்தவர்கள் பச்சையைத் தேடினார்கள். கண் கூசிப்போன இருட்டில் வேப்பமரம் கருப்பாக நின்றது. வயலோ காய்ந்த வயல். அந்த ட்யூப்லைட் வெளிச்சத்தில் பச்சையாக இருந்தது ஒன்றே ஒன்றுதான், நான் கட்டியிருந்த கிளிப்பச்சைப் பட்டுப் புடவை. மாப்பிள்ளை என்னைப் பார்த்தார். அதுவரை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவர் நேராகவே பார்த்தார். போதும் என்று யாராவது சொல்லும்வரை பார்ப்பார் போலிருந்தது. யாரும் சொல்லவில்லை, நான் சொல்வேனா?

மாமா மட்டும் பச்சையைப் பார்க்கவில்லை. எழுந்து நின்றுவிட்டார்.

"எரிகொள்ளி விழுது. பொண்ணு பாக்குற வூட்டுக்கு நேரா தலைக்கு மேல விழுது. இதுக்கு மேல இன்னா சகுனம் வேணும்? ஏந்திரிங்க எல்லாரும்."

அப்பா, "அண்ணே, வானத்துல போறதுக்கு நாங்க இன்னா பண்ண முடியும்?" என்றார்.

"நீங்க ஒண்ணும் பண்ணலங்க. ஆண்டவன் காட்டிட்டான். அவ்ளோதான்."

நான் பொறுக்கமுடியாமல், "அது எல்லாரு வூட்டு மேலயும்தான் போச்சு. கடலூர்ல உங்க வூட்டுல நின்னு பாத்தாலும் தெரிஞ்சிருக்கும்" என்றேன். அம்மா பின்னாலிருந்து என் இடுப்பைக் கிள்ளினாள்.

மாப்பிள்ளை, "மாமா, உக்காருங்க மாமா. அது எரிகல்லு. அதுபாட்டுக்கு வந்து விழுது, அதுக்கும் நமக்கும் இன்னா இருக்கு?" என்றார். மாமாவை எதிர்த்து அவர் பேசி நான் கேட்ட முதல் பேச்சு அது.

"நீ சும்மா இருடா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன்."

மாமா தன் பாட்டிலைத் திறந்து ஒரு மடக்குக் குடித்து மூடினார். அப்பா அந்தப் பாட்டிலையே பார்த்தார். பிறகு வேட்டியைச் சரிசெய்துகொண்டு, வழியனுப்புகிறவர் மாதிரி கேட் பக்கம் நடந்தார். அப்பா அப்படி நடந்துவிட்டால் இனி இந்தப் பேச்சை எடுக்கமாட்டார் என்று எனக்குத் தெரியும். முதலில் ஒரு பல்லி, இப்போது ஒரு கல். இரண்டுமாகச் சேர்ந்து என் வாழ்க்கையை முடிவு செய்கின்றனவே! அழக்கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றேன்.

அவர்கள் கேட்டை நெருங்கும்போது சத்தம் வந்தது.

திடும் என்று ஒரே அடி. பிறகு உருண்டுகொண்டே ஒரு அதிர்வு. உள்ளே அடுக்கியிருந்த எவர்சில்வர் தட்டுகள் சலசலத்தன. மாட்டுக்கொட்டகைத் தகரம் ஆடியது. ஊர் நாய்கள் எல்லாம் ஒன்றாகக் குரைத்தன.

"ஐயோ, கம்பெனி!" என்று கத்தினார் மாமா.

அதற்குப் பிறகு நடந்ததை எங்கள் வீட்டு ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தோம். மாப்பிள்ளை வீட்டார் ஒருத்தர் பாக்கியில்லாமல் வாசல் ஓரத்து நீல டிரம்முக்கு ஓடினார்கள். துண்டு, முந்தானை, கர்சீப் என்று கையில் கிடைத்ததை முக்கி எடுத்து மூக்கில் அழுத்திக்கொண்டார்கள். மாமா டிரம்மில் முழங்கைவரை விட்டுத் துண்டை நனைத்தார், முகத்தில் இரண்டு கை அள்ளி அடித்துக்கொண்டார். கீழே கிடந்த வைக்கோலை ஒரு பிடி எடுத்து மேலே வீசி, அது போகிற பக்கத்தைப் பார்த்துவிட்டு, "காத்து கிழக்க இருந்து வருது! எல்லாரும் தெக்கால வாங்க!" என்று துண்டுக்குள்ளிருந்து கத்தினார்.

அப்பா என் காதோரம், "இன்னாம்மா பண்றாங்க இவுங்க?" என்றார்.

கல்யாணத்துக்குப் பிறகுதான் எனக்கு முழுசாகப் புரிந்தது. சிப்காட் ஓரத்து ஊர்களில் பிறந்தவர்களுக்கு இது சின்ன வயசிலேயே உடம்பில் ஏறிவிடுகிற பழக்கம். பெரிய வெளிச்சமோ பெரிய சத்தமோ வந்தால் கம்பெனியில் விஷவாயு கசிகிறது என்றுதான் அர்த்தம், யோசிக்கக் கூடாது. முதலில் துணியை நனைத்து மூக்கில் வை, அப்புறம் காற்றைப் பார், காற்றுக்குக் குறுக்கே ஓடு. ஒருநாளும் தேவைப்படாமலே போகலாம், ஆனாலும் கை தானாகத் தண்ணீரைத் தேடும். அவர்கள் கம்பெனிக்கும் எங்கள் வாசலுக்கும் நடுவே பஸ்ஸில் ஒன்றரை மணிநேரம் ஆகும். அதையெல்லாம் யோசிக்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

அவரும் ஓடினார். எரிகல் என்று சற்றுமுன்தான் மாமாவுக்குப் பாடம் எடுத்த அதே ஆள், டிரம்முக்கு ஓடிக் கர்சீப்பை முக்கினார். முக்கியவர் தன் மூக்கில் வைத்துக்கொள்ளவில்லை. நேராக என்னிடம் ஓடிவந்து, என் மூக்கின்மேல் அழுத்திப் பிடித்தார். "மெதுவா மூச்சு விடுங்க. பயப்படாதீங்க. ஒண்ணும் ஆவாது" என்றார். அவர் மூக்கு திறந்தே இருந்தது. தண்ணீர் வழிந்து என் பட்டுப் புடவை நனைந்தது. என்ன இருந்தாலும் நான் கணக்கு போட்டது சரிதான், இந்த ஆள்தான் என்று அந்த ஈரத்தோடு நினைத்தேன்.

பிறகு கர்சீப்பை எடுத்துவிட்டுச் சொன்னேன். "இது அதோட சத்தம்ங்க. இடிக்கு மின்னல் முன்னாடி வருதுல்ல, அந்த மாதிரி. வெளிச்சம் முதல்ல வந்துடுச்சு, சத்தம் இப்பதான் வந்து சேந்துச்சு."

அவர் என்னைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், அசட்டுச் சிரிப்பு சிரித்தார். "ஆமால்ல" என்றார்.

மாமா அதற்குள் போனில் யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய சொந்தப் பையனும் அங்கே ஒரு கம்பெனியில்தான் வேலை, அந்த நேரம் ஷிப்டில் இருந்தான். மணி போய்க்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. திரும்பப் போட்டார். மாமாவின் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து, வாயில் எதையோ அடைத்துக்கொண்டு பேசுகிற குரல் ஸ்பீக்கரில் வந்தது.

"இன்னாப்பா? கேன்டீன்ல போண்டா துன்னுக்கினு இருக்கேன்."

"ஒண்ணும் ஆவலயாடா? சத்தம் கேக்கலயா?"

"இங்க மிஷின் சத்தத்துல இன்னா கேக்கப்போவுது? இன்னா விஷயம், பொண்ணு வூட்டுல கை நனைச்சாச்சா?"

மாமா போனை வைத்துவிட்டு, பக்கத்திலிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். பெரிய மனுஷர் ஒருத்தர் அப்படி அழுவதைப் பார்த்து எனக்கும் கண் கலங்கியது. அவர்மேல் இருந்த கோபத்தில் பாதி அந்த இடத்திலேயே போய்விட்டது. மீதிப் பாதி போகவில்லை. அவர் முழங்கையிலிருந்து எங்கள் வீட்டுத் தண்ணீர் சொட்டுச் சொட்டாக விழுந்துகொண்டிருந்தது. அதையே பார்த்தேன். போனில் அந்தப் பையன் கேட்ட கேள்வி காதிலேயே நின்றது.

கதவோரத்திலிருந்து நடந்து அவர் எதிரே போய் நின்றேன். மாப்பிள்ளைக்குத் தாய்மாமா என்றால், முறைப்படி எனக்குப் பெரியப்பா. கல்யாணம் ஆனால்தான் அந்த முறை. ஆகட்டும் என்று வாயைத் திறந்தேன்.

"பெரியப்பா, கை நனைச்சிட்டீங்க."

அவர் துண்டை விலக்கி என்னைப் பார்த்தார். பிறகு தன் இரண்டு கையையும் பார்த்தார். சுற்றி நின்ற அவருடைய ஆட்களும் ஒவ்வொருத்தராகத் தங்கள் கையைப் பார்த்துக்கொண்டார்கள்.

"அது... இது வேறம்மா. இது துண்டு நனைச்சது."

"கை நனையாம துண்டு எப்படி பெரியப்பா நனையும்? பச்சத்தண்ணிகூட தொடமாட்டோம்னு கேன் எடுத்தாந்தீங்க. அந்தக் கேன் வேன்லயே நிக்குது. இது எங்க போர் தண்ணி. மூஞ்சி வேற கழுவிட்டீங்க."

"அடி, வாய மூடுடி!" என்று அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். அப்பா கேட்டைப் பிடித்தபடியே திரும்பி நின்றார்.

முதலில் சிரித்தது மாப்பிள்ளையின் அம்மாதான். ஈர முந்தானையோடு நின்று, வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்து முடித்து, அண்ணன் பக்கத்தில் வந்து நின்றபோது அவர் குரல் மாறியிருந்தது.

"அண்ணே, நாம எல்லாரும் நம்ம நம்ம மூக்கத்தான் பொத்திக்கினோம். நானுந்தான். பெத்த புள்ள எங்க நிக்குதுன்னு ஒரு நிமிஷம் நெனைக்கல. உன் மருமவன் யாரு மூக்கப் பொத்துனான்னு பாத்தியா? இதுக்கு மேல உனக்கு இன்னா சகுனம் வேணும்?"

மாமா என் கையிலிருந்த அந்த ஈரக் கர்சீப்பையே பார்த்தார். மருமகனைப் பார்த்தார். அவர் தலையைக் குனிந்துகொண்டு நின்றார். அன்றைக்கு அந்த வாசலில் குனிந்து நின்றது அவர்தான்.

"வேன்ல இருந்து தட்ட எறக்குங்கடா" என்றார் மாமா.

அப்பா கேட்டைச் சாத்திவிட்டு, விறுவிறுவென்று உள்ளே போய் இலைகளை எடுத்துவந்தார். முதல் இலை மாமாவுக்கு. அம்மா பரபரவென்று சொம்பை எடுத்துவந்து, இலை கழுவிக்கொள்ள அவர் கையில் தண்ணீர் ஊற்றப் போனாள். அவர் கையை விலக்கிக்கொண்டார். ஐயோ, மறுபடியும் என்னவோ என்று எனக்குத் திக்கென்றது.

"தண்ணி எதுக்கும்மா? அதான் நனைச்சாச்சே. சோத்தப் போடு" என்றார்.